சம்சப்தகர் சபதம்

சபதம் என்றதும் பீஷ்மரும் பாஞ்சாலியும் நம் நினைவுக்கு வருவர். துரோண பருவத்துச் சம்சப்தகர்களை நினைப்போர் சிலரே.

பதினொன்றாம் நாள் போர் முடிந்தது. அர்ச்சுனன் அருகிலிருக்கும் வரை தருமரைச் சிறைபிடிக்க இயலாது என்றார் துரோணர். திரிகர்த்த மன்னன் சுசர்மன் எழுந்தான். அர்ச்சுனன் தம்மை ஓயாமல் அவமதித்தான் என்பது அவனது நெடுநாள் மனக்குறை. சத்தியரதன், சத்தியவர்மன், சத்தியவிரதன், சத்தியேஷு, சத்தியகர்மன் ஆகிய சகோதரர் ஐவரும் அவனுடன் நின்றனர். தருப்பை ஆடை உடுத்தி, அக்கினி சாட்சியாக, அர்ச்சுனனைக் கொல்வது அல்லது மடிவது என ஆணையிட்டனர். புறமுதுகிட்டால் கொடும்பாவிகளின் நரகமே தமக்கு எனத் தம்மையே சபித்துக்கொண்டனர்.

மறுநாள் அவர்கள் அறைகூவ, அழைத்த போரை மறுப்பதில்லை என்ற விரதம் கொண்ட அர்ச்சுனன் சென்றான். அன்று தருமர் பிடிபடவில்லை. சபதமோ விடவில்லை. பதின்மூன்றாம் நாளும் அவர்கள் அர்ச்சுனனை அழைத்துச் சென்றபோதுதான், சக்கரவியூகத்தில் அபிமன்யு மாண்டான். பதினெட்டாம் நாள் சுசர்மனும் அவன் பிள்ளைகளும் அர்ச்சுனன் கணைக்கு இரையாயினர். ஐவர் பெயரிலும் சத்தியம் இருந்தது. அது குலத்தைக் காக்கவில்லை.

இது பழங்கதை மட்டுமன்று. 1867 ஆகஸ்டில் நம் ஜார்ஜ்டவுன் வீதிகளில் கீ ஹின், தோ பெ கோங் என்ற இரு சீன இரகசியச் சங்கங்கள் ஏறத்தாழப் பத்து நாள் மோதின. வெள்ளைக்கொடி, செங்கொடி என்ற முஸ்லிம் சங்கங்களும் ஆளுக்கொரு பக்கம் சேர்ந்தன. ஆணையிட்டுச் சகோதரரானவர்கள், எவனோ ஒருவனது சச்சரவுக்காக உயிர்விட்டனர்.

அப்படியானால் சபதமே தவறா? இல்லை. தைப்பூசத்தில் தண்ணீர்மலைக்குக் காவடி எடுப்பவரும் சபதம் பூண்டவரே. அவர் சுமை அவர் தோளில். பிறர் தலையில் அன்று. காவடி இறக்கியதும் நேர்த்திக்கடன் நிறைவேறுகிறது. சம்சப்தகர் சபதம் பிறர் அழிவை நாடியது. அதற்குச் சாவைத் தவிர வேறு முடிவில்லை.

கோயில் நிர்வாகத்தில் இருப்பதால் ஒன்றைக் காண்கிறேன். சொத்துத் தகராறில் அண்ணனும் தம்பியும் சந்நிதிக்கு வந்து, இனி ஒருவர் வாசலை ஒருவர் மிதிப்பதில்லை எனச் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய முனைகின்றனர். அன்பர்களே, கோபம் ஓராண்டில் ஆறிவிடும். அதன்பின் சத்தியத்துக்கு அஞ்சி, தாயின் கருமாதியிலும் தனித்தனியே நிற்க நேரும்.

சூடம் அணைப்பதற்கன்று, ஏற்றி வணங்குவதற்கே. சகோதர ஒற்றுமை ஓங்கத் தண்டாயுதபாணி அருள்புரிவானாக!