“காபி குடிச்சீங்களாம்மா?” – ஃபீல்டுக்குப் போற தங்கச்சிக்கு அக்கா டிப்ஸ்

சர்க்கரை நோய் ஆராய்ச்சித் திட்டத்துல ஃபீல்டு கோ-ஆர்டினேட்டர் வேலை கிடைச்சிருக்குன்னு பல்லாவரத்துத் தங்கச்சி ஒருத்தி போன் பண்ணினா. சந்தோஷம்தான். ஆனா, “ரத்தம் எடுக்கத் தெரியும்க்கா, அது போதாதா?”ன்னு கேட்டா பாரு, அங்கதான் எனக்கு பக்குனு ஆச்சு. ஊசி குத்துறது அரை நிமிஷ வேலைடி. அதுக்கு முந்தின ராத்திரியும், பிந்தின ரெண்டு மணி நேரமும்தான் உன் வேலை.

க்யூர்ஸ்ங்கிற சர்க்கரை நோய் ஆய்வு பத்திக் கேள்விப்பட்டிருப்பே. 2001-ல டாக்டர் வி. மோகனோட மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன் ஆரம்பிச்சது. சென்னை மாநகராட்சியில அப்ப இருந்த 155 வார்டுல 46 வார்டை எடுத்து, 26,001 பேருக்கு விரல் நுனியில ரத்தம் எடுத்துப் பார்த்தாங்க. பல்லாவரம் அப்ப தனி நகராட்சி, அதனால நம்ம தெருவெல்லாம் அதுல வரல. பிறகு பத்துல ஒருத்தர்னு 2,600 பேரை விரிவான பரிசோதனைக்குக் கூப்பிட்டதுல 2,350 பேர் வந்துட்டாங்க. பத்திரிகை வெச்சு அழைச்ச கல்யாணத்துக்கே இந்தக் கணக்குல ஆள் வராது. பெரிய டாக்டர் பேருக்காக மட்டும் வெறும் வயித்தோட யாரும் கிளம்பி வந்திருக்க மாட்டாங்க. வாசப்படி ஏறி ஏறிக் கூப்பிட்டவங்க இருந்திருப்பாங்க. அந்த இடத்துல இப்ப நீ.

அதனால முதல் நாள் ராத்திரி எட்டு மணிக்குப் போன் பண்ணு. மெசேஜ் போட்டுட்டு விட்டுடாதே. “ஒன்பது மணிக்குள்ள சாப்பிட்டுடுங்க, காலையில தண்ணி மட்டும் குடிங்க”ன்னு சொல்லு. இந்தத் தண்ணியை அழுத்திச் சொல்லணும். விரதம் மாதிரி நெனச்சு பச்சைத் தண்ணிகூடப் பல்லுல படாம வர்றவங்க உண்டு. நரம்பு கிடைக்காம ரெண்டு கையிலயும் குத்தி, அவங்களும் அழுது நீயும் அழணும். தாம்பரம் மெப்ஸ் ஏற்றுமதி மண்டலத்துல நைட் ஷிப்ட் பார்க்கிறவங்களை வேற நாளைக்கு மாத்து. விடிய விடிய டீ குடிச்சவங்களுக்கு ஏது வெறும் வயிறு?

காலையில வந்ததும் “சாப்பிட்டீங்களா?”ன்னு கேட்காதே. எல்லாரும் “இல்ல”ம்பாங்க. பம்மல்ல ஒரு பாட்டி எங்கிட்ட சத்தியம் பண்ணாத குறையா “ஒண்ணும் சாப்பிடலம்மா”ன்னாங்க. பேச்சுவாக்குல, “இன்னிக்குப் பால் லேட்டு, கடுங்காபிதான்”னு வந்துடுச்சு. அவங்க பொய் சொல்லல. அவங்க கணக்குல காபி சாப்பாடு இல்ல. அதிலிருந்து நான் கேக்குறது ஒரே கேள்விதான்: “காபி எத்தனை மணிக்குக் குடிச்சீங்கம்மா?” நேரம் தானா வரும்.

வெள்ளிக்கிழமை ரத்தம் எடுக்கிற கேம்ப் வேண்டாம். பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டுல சந்தைக் கூட்டம், ஐஸ் பெட்டியோட உன் ஆட்டோ நகராது. அதோட, வெள்ளிக்கிழமையில ரத்தம் கொடுக்க மாட்டேன்னு சொல்ற வீடுகளும் இருக்கு. அவங்ககிட்ட அறிவியல் பேசி ஜெயிக்க வேண்டாம், சனிக்கிழமை வரச் சொல்லு. ரமலான் மாசத்துல நோன்பு இருக்கிற வீடுகளைப் பெருநாளுக்கு அப்புறம் வெச்சுக்கோ.

குளுக்கோஸ் தண்ணி டெஸ்டுல 75 கிராமைக் கரைச்சு அஞ்சு நிமிஷத்துக்குள்ள குடிக்க வைக்கணும். ரெண்டு மணி நேரம் எண்ண ஆரம்பிக்கிறது முதல் மடக்குல இருந்து. டம்ளரைக் கீழே வெச்சதுல இருந்து இல்ல. “இதோ, காய் வாங்கிட்டு வந்துடறேன்”னு எழுந்திருப்பாங்க, விடாதே. நடந்தா அளவு மாறிடும். உட்கார நாற்காலி, ஒரு தினத்தந்தி, ஓடுற ஃபேன், இது மூணும் இருந்தா பாதி பேர் உட்கார்ந்துடுவாங்க. வாந்தி எடுத்துட்டா அன்னிக்கு டெஸ்ட் இல்ல. பாவமேன்னு நம்பர் எழுதிடாதே. ஏற்கெனவே சர்க்கரைக்கு மாத்திரை, இன்சுலின் போடுறவங்களுக்கு இந்தத் தண்ணியைக் கொடுக்கவே கூடாது. அவங்களை வரிசையில முதல்ல கூப்பிட்டு, ரத்தம் எடுத்த கையோட இட்லிப் பொட்டலத்தைக் கொடுத்துடு.

இப்ப குழாய் விஷயம். உடம்பை விட்டு வெளியே வந்தாலும் ரத்தத்துல இருக்கிற செல்லுக்குப் பசி அடங்காது. மணிக்கு அஞ்சு முதல் ஏழு சதவீதம் சர்க்கரையைத் தின்னுடும். சாம்பல் மூடிக் குழாய்ல ஃப்ளோரைடு இருக்கேன்னு மெத்தனமா இருக்காதே, அது முழுசா வேலை செய்யவே ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். உடனே குளிர்ல வை, சீக்கிரம் சென்ட்ரிஃபியூஜ்ல சுத்தி பிளாஸ்மாவைப் பிரி. இல்லேன்னா சர்க்கரை இருக்கிற ஆளுக்கு ‘இல்ல’ன்னு ரிப்போர்ட் போயிடும். ஊதா மூடி, மூணு மாசச் சராசரிச் சர்க்கரையைச் சொல்ற ஹெச்பிஏ1சிக்கு. அது சாது, ஃப்ரிட்ஜ்ல நாலு நாள் தாங்கும். மஞ்சள் மூடி சீரத்துக்கு, அதை நிமிர்த்தி அரை மணி நேரம் உறைய விட்டுத்தான் சுத்தணும். மஞ்சள், ஊதா, சாம்பல்னு அதே வரிசையில எடு. எடுத்ததும் மெதுவா எட்டுப் பத்து தடவை கவிழ்த்து நிமிர்த்து. குலுக்கினா செல் உடைஞ்சு சீரம் சிவந்துடும். ஐஸ் பேக்கைத் துணியில சுத்தாம குழாய் மேல வெச்சாலும் இதே கதைதான்.

என் வண்டவாளத்தையும் சொல்லிடறேன். முதல் வருஷம் லேபிள் தீர்ந்துபோச்சு. பிளாஸ்திரியைக் கிழிச்சு ஒட்டி, பால்பாயிண்ட் பேனாவால நம்பர் எழுதி மைனஸ் 80 ஃப்ரீசர்ல வெச்சுட்டேன். மூணு மாசம் கழிச்சு எடுத்தா, பிளாஸ்திரி எல்லாம் பெட்டி அடியில சருகு மாதிரி கிடக்குது. குழாய் பதினெட்டும் மொட்டையா நிக்குது. எது யாரோடதுன்னு யாருக்குத் தெரியும்? பதினெட்டு பேரோட வெறும் வயித்துக் காலையை கழிவுப் பையில கட்டிப் போட்டேன். உறைபனி தாங்குற லேபிளை ஃபீல்டுக்குப் போறதுக்கு முன்னாடியே எண்ணி எடுத்துக்கோ, மூடியில ஒட்டாம குழாய் உடம்புல ஒட்டு. பேர் எழுதாதே, நம்பர் மட்டும். பேரும் நம்பரும் சேர்ந்த நோட்டு பீரோவுல பூட்டி இருக்கணும். ஃப்ரீசர் வெப்பநிலையைக் காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை கையால எழுது. பொங்கல் லீவுல யார் வந்து பார்க்கிறதுன்னு டிசம்பர்லயே முடிவு பண்ணிடு.

ஒப்புதல் படிவத்தைத் தமிழ்ல வாய்விட்டுப் படிச்சுக் காட்டு. கைநாட்டு வெக்கிறவங்க பக்கத்துல, உங்க டீம்ல இல்லாத ஒருத்தர் சாட்சிக் கையெழுத்துப் போடணும். ஒரு நகல் அவங்க வீட்டுக்குப் போகணும். ஆட்டோக்காரர் பில் தர மாட்டார், அதனால வவுச்சரை அன்னிக்கே எழுது. மாசக் கடைசியில ஞாபகம் வராது. குழாய் எக்ஸ்பயரி தேதியையும் பாரு, பழசானா உள்ளே வெற்றிடம் போய் ரத்தம் பாதியில நின்னுடும்.

2023-ல வந்த ஐசிஎம்ஆர்-இந்தியாப் ஆய்வு, நாட்டுல 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கும்னு கணக்குச் சொல்லுச்சு. அந்தக் கோடியெல்லாம் பம்மல் பாட்டி கேக்கல. “ரிப்போர்ட் எப்பம்மா வரும்?”னுதான் கேட்டாங்க. ரத்தம் எடுக்கும்போதே ஒரு தேதி சொல்லு, அந்தத் தேதியில கொண்டுபோய்க் கொடு. அளவு ரொம்ப ஏறியிருந்தா தேதிக்குக் காத்திருக்காதே, அன்னிக்கே திட்ட டாக்டருக்குச் சொல்லி, அவங்க வீட்டுக்கும் போன் போடு. ஒரு தெருவுக்கு ரிப்போர்ட் கொடுத்து முடிக்காம அடுத்த தெருவுல கேம்ப் போடாதேம்மா.