புலன்மயக்கம்

மயக்கம் என்னும் சொல்லைக் கேட்ட அளவிலே உலகத்தார் அறிவு தடுமாறுதலையே கருதுவர். இலக்கணம் பயில்வோர்க்கோ அது பிறிதொரு பொருளும் தரும். மெய்ம்மயக்கம், திணைமயக்கம் என்பனவற்றுள் மயக்கமாவது ஒன்றோடொன்று கலந்து நிற்றலேயன்றிப் பிழையன்று. இக்கட்டுரையின் தலைப்பையும் அப்பொருளிலேயே கொள்ளுமாறு வேண்டுகின்றேன். ஒரு புலன் தூண்டப்பட, அதனோடு மற்றொரு புலனின் உணர்வும் தானே தோன்றும் இயல்பு சிலரிடத்து உண்டு. மேனாட்டார் இதனைச் சினெஸ்தீசியா என்பர்.

தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுக்குமிடத்து, உடம்பு, நா, மூக்கு, கண், செவி என ஐந்து வாயில்களையும் முறையே அடுக்கி, மனத்தை ஆறாவதாக வைத்தார். வாயில்கள் தனித்தனி என்பதே நம் பொதுக் கருத்துமாம். ஆயினும் நம் பேச்சு இவ்வெல்லைக்குள் அடங்குவதில்லை. இன்சொல் என்கின்றோம், இனிமை நாவுக்குரியது, சொல்லோ செவிக்குரியது. கூரிய குரல், தடித்த குரல் என்கின்றோம். எழுத்துக்களையே கையால் தொட்டுப் பார்த்தவர்போல வல்லினம், மெல்லினம் என்று வகுத்து வைத்திருக்கின்றோம். இவையெல்லாம் வெறும் சொல்வழக்கு என்றே சென்ற ஆண்டு வரை நான் எண்ணியிருந்தேன்.

அவ்வாண்டு ஒருநாள் இரவு, விடுதியில் அடுத்த அறை நண்பர் ஒருவர் பேச்சுவாக்கில், ககரம் தமக்குச் செங்கல் நிறமென்றும், மகரம் வெளிர்நீலமென்றும், கறுப்பு மையில் அச்சிட்டிருப்பினும் அந்நிறம் உடன் தோன்றுமென்றும் கூறினார். அறையிலிருந்தோர் நகைத்தனர். கவி பாடத் தொடங்கிவிட்டீர் என்றார் ஒருவர். பொய் என்று சொன்னவன் நான். அதன்பின் அவர் அதுபற்றிப் பேசவேயில்லை.

பின்னர் நூல்நிலையத்தில் பிறிதொன்றைத் தேடுகையில் என் கண்ணிற்பட்ட செய்திகள் என்னை நாணச் செய்தன. 1812ஆம் ஆண்டிலேயே ஜெர்மனி தேசத்து எர்லாங்கன் நகரில் கியோர்க் சாக்ஸ் என்னும் மருத்துவர், தமக்கும் தம் தங்கைக்கும் இருந்த தோல்வெண்மையைக் குறித்து எழுதிய ஆராய்ச்சியுரையின் இடையே, எழுத்துக்களும் எண்களும் இசைச்சுரங்களும் தமக்கு நிறத்தோடு தோன்றுவதைக் குறித்து வைத்தார். 1880இல் இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் இத்தகையோர் பலரின் சாட்சியங்களைத் தொகுத்து வெளியிடலானார். இவ்வியல்பு குடும்பங்களில் தொடர்ந்து வருவதையும், ஒருவர் நிறம் மற்றொருவர் நிறத்தோடு ஒவ்வாமையையும் அவர் கண்டார். ஒருவர்க்குச் சிவப்பாயிருப்பது மற்றவர்க்குப் பச்சையாயிருக்குமாயின் எதனை நம்புவது? ஐயம் நியாயமானதே.

அவ்வையத்தை நீக்கிய சோதனை மிக எளிது. முன்னறிவிப்பின்றி மறுபடியும் கேட்பதே அது. சைமன் பாரன்-கோகனும் அவர் துணைவரும் 1993இல் வெளியிட்ட ஆய்வில், சொல்லைக் கேட்டு நிறம் காண்போர் ஒன்பதின்மர், ஓராண்டு கழித்தும் 100க்கு 92 அளவில் முன்சொன்ன விடையையே சொன்னார்கள். ஏனைய ஒன்பதின்மரோ ஒரே வாரம் கழித்து 38ஐயும் எட்டவில்லை. கற்பனை ஓராண்டுக்கு இவ்வாறு நிலைத்து நில்லாது. இனி, இஃது அத்துணை அரிய இயல்புமன்று. 2006இல் வெளிவந்த ஓர் ஆய்வில், ஸ்காட்லாந்தின் பல்கலைக்கழக மாணாக்கர் 500 பேருள் 22 பேரிடம் ஏதேனும் ஒருவகைப் புலன்மயக்கம் காணப்பட்டது. அக்கணக்கு இங்கும் பொருந்துமாயின், நம் வகுப்புக்களிலும் ஒருவரேனும் வாய்மூடி அமர்ந்திருத்தல் கூடும்.

இதன் காரணம் மூளையில் உள்ளது. எண், எழுத்து ஆகியவற்றின் வடிவை அறியும் பகுதியும் நிறத்தை அறியும் பகுதியும் மூளையின் அடிப்புறத்தில் அடுத்தடுத்து உள்ளன. இவ்விரண்டிற்கும் இடையே மிகுதியான நரம்பிணைப்பு இருத்தலால் ஒன்று கிளர மற்றதும் கிளர்கின்றது என்பது, தமிழ்நாட்டில் 1951இல் பிறந்து அமெரிக்காவில் ஆராய்ந்த வி. எஸ். இராமச்சந்திரனும் எட்வர்டு ஹப்பர்டும் 2001இல் கூறிய கொள்கை. இணைப்பு எல்லார்க்கும் உண்டு, அதனை அடக்கும் தடையே இவர்கட்குத் தளர்ந்துள்ளது என்பர் வேறு சிலர். வழக்கு இன்னும் தீரவில்லை. ஆயினும் எல்லாம் பிறவியால் வருவதென்று சொல்லவும் ஒண்ணாது. அமெரிக்கரில் எழுத்துக்கு நிறம் காண்போர் 6588 பேரை 2015இல் ஆராய்ந்தபோது, 100க்கு 6 பேருக்கு அந்நிறங்கள் ஒரு குறிப்பிட்ட விளையாட்டுக் காந்த எழுத்துத் தொகுதியின் நிறங்களோடு பெரும்பாலும் ஒத்திருந்தன. இயல்பு பிறவியினது, நிறமோ சிலர்க்கேனும் இளமையில் கைப்பட்ட பொருளினது என்று கொள்ளலாம்.

நம்மனோர்க்கும் இதில் சிறு பங்குண்டு. முட்கள் நீண்ட ஓர் உருவையும் வளைந்து குழைந்த ஓர் உருவையும் காட்டி, இவற்றுள் கிகி எது, பூபா எது என்று வினவினால் நீவிர் யாது விடை தருவீர்? இராமச்சந்திரன் அமெரிக்க மாணாக்கரையும் தமிழ் பேசுவோரையும் வினவியபோது 100க்கு 95 பேருக்கு மேல் முள்ளுருவையே கிகி என்றனராம். 25 மொழியினரை வினவிய 2022ஆம் ஆண்டு ஆய்வில் இவ்வளவு 72ஆகக் குறைந்தது. எனினும் புறக்கணிக்கத் தக்கதன்று. ஓசைக்குக் கூர்மையும் மழுக்கமும் உண்டென்பது புலவர் படைத்த பொய்யன்று போலும். ஆனால் நம் இலக்கணத்தை மேனாட்டாய்வு அப்படியே மெய்ப்பித்ததென்று நான் பெருமை பேசமாட்டேன். பூபாவின் பகரமும் வல்லினமேயன்றோ!

நண்பரிடம் சென்று நான் பொய்யென்றதைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். உயிர் பன்னிரண்டும் மெய் பதினெட்டும் எழுதி நிறம் கேட்டுக் குறித்தேன். நான்கு திங்கள் கழித்து, உணவுக்கூடத்திலிருந்து திரும்பும் வழியில், திடீரெனக் கேட்டேன். முப்பதில் இருபத்தெட்டு மாறவில்லை. ஐகாரமும் ஔகாரமும் தமக்கு என்றுமே கலங்கலாய் இருக்குமென்றார். என்னையும் அவ்வாறே சோதித்துக்கொண்டேன்; ஒரு வாரத்தில் ஏழுதான் தேறின.

உயிர்மெய் எவ்வாறு தோன்றும் என்றேன். நிறம் மெய்யினுடையது, வெளிச்சம் உயிரினுடையது என்றார்: ககரம் செங்கல்லாயின் காகாரம் வெயில்பட்ட செங்கல், கூகாரம் மழையில் நனைந்த செங்கல். ஒருவர் கூற்றைக்கொண்டு விதி செய்தல் ஆகாது. எனினும் அதனை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். பிறகு அவர் என்னை வினவினார்: "உமக்கு எல்லா எழுத்துமே கறுப்புத்தானா? பின் எப்படி ஐயா இத்தனை பாட்டையும் நினைவில் வைத்திருக்கின்றீர்?"