வழக்கறிஞரின் மேசையில் செயற்கை நுண்ணறிவு

2017ஆம் ஆண்டில் மும்பையின் சிரில் அமர்சந்த் மங்கள்தாஸ் சட்ட நிறுவனம், ஒப்பந்தங்களைப் படித்து முக்கிய விதிகளைப் பிரித்தெடுக்கும் ‘கிரா’ மென்பொருளை ஏற்றது. இளம் வழக்கறிஞர்களின் நேரத்தைப் பெரிதும் விழுங்கிவந்த பணி அது. ஆனால், உள்ளதைப் படிப்பது வேறு. புதிதாக எழுதுவது வேறு.

2023இல் ஏவியன்கா விமான நிறுவனத்திற்கு எதிரான நியூயார்க் வழக்கில், சாட்ஜிபிடி தந்த தீர்ப்புகளை வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டினர். அவற்றுள் ஆறு கற்பனையானவை. அவை உண்மையா என அதனிடமே கேட்டிருந்தனர். பொய்ச்சாட்சியிடமே சான்று கேட்டதுபோல! நீதிமன்றம் 5,000 டாலர் அபராதம் விதித்தது. பொருத்தமான சொல்லை அடுத்தடுத்து ஊகித்துக் கோப்பதே அக்கருவியின் இயல்பு.

வீட்டுக் கடனுக்கான சட்டக் கருத்துரையைப் பெறும்போது, மூலப்பத்திரங்களையும் வில்லங்கச் சான்றையும் தாமே பார்த்தாரா என்று வழக்கறிஞரைக் கேளுங்கள். கையொப்பமிடுபவர் அவரே.