வானொலி நம்மைக் கேட்கட்டும்

வானொலி பேசும், நாம் கேட்போம் என்பதே நமது பழக்கம். நாம் பேச, வானொலி கேட்ட அனுபவமும் நமது நாட்டில் உண்டு.

மகாவலித் திட்டத்தினால் ஊரைவிட்டுப் புதிய குடியேற்றங்களுக்குச் சென்ற கமக்காரருக்காக 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கியது. இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் யுனெஸ்கோவும் அதில் பங்குகொண்டன. தயாரிப்பாளர்கள் கிராமங்களில் சில நாட்கள் தங்கி, மக்களின் குரலையே ஒலிப்பதிவு செய்தனர். 1989இல் கொத்மலையில் ஒரு நிலையம் அமைந்தது. 1990களின் இறுதியில் அங்கு இணைய வசதி வந்தது. நேயர்கள் கடிதம் மூலமும் தொலைபேசி மூலமும் கேட்டவற்றுக்கு அறிவிப்பாளர்கள் இணையத்தில் விடை தேடி, ஒலிபரப்பில் விளக்கினர். கணினியைத் தொட்டறியாதவருக்கும் பயன் கிடைத்தது.

இன்று நிலையங்கள் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும் நேயரின் குரலைப் பெறுகின்றன. கருவி மாறினாலும் பாடம் ஒன்றே: கேள்வி நம்மிடமிருந்து போகவேண்டும். நாம் கேளாதிருந்தால் காணி, நிவாரணம், விதைநெல் பற்றி வதந்திதான் நமக்கு வழிகாட்டும். அதை நம்பி அலைந்து நாட்கூலியை இழப்பவர்களும் நாமே.

நாம் செய்யக்கூடியவை:

1. குழுவாகக் கூடி ஒரு கேள்வியைத் தெரிவுசெய்வோம். கைத்தொலைபேசி இல்லாத அயலவரிடமும் கேட்போம்.
2. பிரதேசம், பயிர், பிரச்சினை தொடங்கிய நாள் ஆகியவற்றைத் தெளிவாகச் சொல்வோம். அடையாள அட்டை இலக்கத்தைப் பொதுவில் இடமாட்டோம்.
3. கிடைத்த விடையைக் கமநல சேவை நிலையத்திலோ பிரதேச செயலகத்திலோ உறுதிசெய்த பின்னரே பிறருக்கு அனுப்புவோம்.
4. விடை வராவிட்டால் மீண்டும் கேட்போம்.

கலந்துரையாட: இந்த மாதம் நமது குழு கேட்கவேண்டிய முதற் கேள்வி எது? அதை யார் அனுப்புவது?