நன்றியுரையில் யார் பெயர்?
ஆய்வு மாணவர் கேள்வி–பதில்

கே: நன்றியுரையைக் கடவுளில் தொடங்கலாமா?
– மாணவர், தஞ்சோங் மாலிம்

ப: தாராளமாக, ஒரே வரியில். முருகனுக்கு அரைப் பக்கம் எழுதிவிட்டு, உங்கள் வரைவுகளை வரிக்கு வரி திருத்திய மேற்பார்வையாளரைக் கடைசியில் ஒட்டவைக்காதீர்கள், தம்பி.

கே: மேற்பார்வையாளர் பாதியில் மாறிவிட்டார். முதலாமவரோடு மனக்கசப்பு. அவர் பெயரை விட்டுவிடலாமா?
– கம்பார்

ப: கூடாது. தலைப்பை உருவாக்கித் தந்தவர் அவர் என்றால் ஒரு வாக்கியம் எழுதத்தான் வேண்டும். கசப்பெல்லாம் ஆறிய பிறகும் ஆய்வேடு நூலகத்தில் இருக்கும்.

கே: சுங்கை சிப்புட் வட்டாரப் பழைய ரப்பர் தோட்டங்களைப் பற்றியது என் ஆய்வு. முதியவர்கள் பலர் பேட்டி தந்தார்கள். "தோட்டத்து மக்கள் அனைவருக்கும் நன்றி" என்றால் போதாதா?
– மாணவி, ஈப்போ

ப: போதாது. இந்த வரியைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். தேசிய ஆவணக் காப்பகமான அர்கிப் நெகாராவில் உங்களுக்குக் கிடைத்தது துரைமார் கணக்கு: எத்தனை ஏக்கர், எவ்வளவு பால். விடியுமுன் பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டது, பிள்ளையை ஆயாக் கொட்டகையில் போட்டுவிட்டு நிரைக்கு ஓடியது, ஜப்பானியர் காலத்தில் சயாம் ரயில் பாதைக்குப் போன அப்பா திரும்பாதது, 1948 ஜூன் 16இல் உங்கள் வட்டாரத்தில் துரைமார் மூவர் சுட்டுக் கொல்லப்பட்டு அவசரகாலம் வந்தபின் லயத்தைச் சுற்றி முள்வேலி எழுந்தது — இவற்றை உங்களுக்குச் சொன்னது யார்? பேட்டிக்கு அரைமணி நேரம் ஒதுக்கிய டத்தோவுக்குப் பட்டத்தோடு முழுப்பெயர். மூன்று நாள் உட்காரவைத்துப் பேசிய பாட்டி மட்டும் 'மக்கள்'! பெயரை எழுதுங்கள், தோட்டத்தை எழுதுங்கள், பால்மரம் வெட்டினாரா வெளிக்காட்டு வேலையா என்பதையும் எழுதுங்கள்.

அதற்கு முன் ஒப்புதல் படிவத்தை எடுத்துப் பாருங்கள். பெயரை மறைப்பதாகச் சொல்லிக் கையெழுத்து வாங்கியிருந்தால் எழுதக் கூடாது. சிலர் நான்காம் இயலில் 'தகவலாளர் 7, ஆயா, 81 வயது' என்று மறைத்துவிட்டு முன்பக்கத்தில் பெயர் சொல்லி நன்றி கூறுகிறார்கள். சின்னத் தோட்டத்தில் ஆயா ஒருவர்தானே, யாருக்குத் தெரியாது? பெயர் போடட்டுமா என்று அவரிடமே மறுபடி போய்க் கேளுங்கள். சரி என்றால் புதிதாக ஒப்புதல் எழுதி வாங்கி, நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவியுங்கள். லயத்தை உடைத்திருப்பார்கள், அவர் ஈப்போவில் மகன் வீட்டில் இருக்கலாம். வாட்ஸ்அப் வேண்டாம், நேரில் போங்கள்.

கே: மொழி திருத்தியவருக்குப் பணம் கொடுத்துவிட்டேன். பெயரும் போட வேண்டுமா?
– தெலுக் இந்தான்

ப: போட வேண்டும். உங்கள் எழுத்தில் வேறொருவர் கை எவ்வளவு பட்டது என்பது தேர்வாளருக்குத் தெரிய வேண்டும். மலாய்ச் சுருக்கத்தை மொழிபெயர்த்தாரா, பிழை மட்டும் பார்த்தாரா என்பதையும் சொல்லிவிடுங்கள்.

கே: சாட்ஜிபிடி எழுதித் தந்த நன்றியுரை அழகாக இருக்கிறது. அப்படியே வைக்கலாமா?
– ஈப்போ

ப: அதில் உங்கள் அம்மா பெயர் இருக்கிறதா?

கே: எத்தனை பக்கம் எழுதலாம்?
– தைப்பிங்

ப: உங்கள் பல்கலைக்கழக வழிகாட்டியைத் திறந்து பாருங்கள். அதில் அளவு சொல்லாவிட்டாலும் ஒரு பக்கம்தான்.