வாத்தோடு வேலைக்குப் போகலாமா?

கேள்வி:

நன்னிலம் பக்கம் ஒரு கிராமம். பி.காம். முடித்து டேலி படித்திருக்கிறேன். போன வருடம் சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் வயலில் வாத்து மேய்த்தார்கள். அவர்கள் போன பிறகு வரப்போரம் ஒரு முட்டை கிடந்தது. விளையாட்டாக எடுத்துவந்து அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைத்தேன், பொரிந்துவிட்டது. இப்போது வளர்ந்து முட்டையும் இடுகிறது. ஆனால் என் காலை விட்டு நகர மாட்டேன் என்கிறது. கொல்லைக்குப் போனால் கூடவே வரும். குளிக்கப் போனால் கதவைக் கொத்தும். நான் கடைத்தெருவுக்குப் போனால் திரும்பி வரும்வரை கத்துகிறதாம், தீனியைத் தொடுவதில்லையாம். அம்மாவால் சமாளிக்க முடியவில்லை.

சென்னையில் ஒரு வேலை, திருச்சியில் ஒரு வேலை வந்தது. இதற்காகவே போகவில்லை. இப்போது திருவாரூரில் ஒரு உர மொத்தக்கடையில் கணக்கு எழுதக் கூப்பிடுகிறார்கள். காலை ஒன்பதரை முதல் மாலை ஆறு. பஸ்ஸில் போக ஒரு மணி நேரம். வாத்தைக் கூடவே வைத்துக்கொள்ள விடுகிற வேலை ஏதாவது இருக்கிறதா? கோழிப்பண்ணையில் கேட்டுப் பார் என்கிறார் மாமா. வீட்டில் எல்லோரும் சிரிக்கிறார்கள். நீங்களாவது சிரிக்காமல் பதில் சொல்லுங்கள்.

— வாசகி, திருவாரூர் மாவட்டம்

பதில்:

சிரிக்கவில்லை அம்மா. ஆட்டுக்குட்டிக்காகக் கல்யாணத் தேதியைத் தள்ளிவைத்த ஆளையே நான் கால்நடை மருந்தக வாசலில் பார்த்திருக்கிறேன்.

திருவாரூர் வேலையை விட்டுவிடாதீர்கள். ஆனால் வாத்து வீட்டிலேயே இருக்கட்டும்.

முதலில் அது ஏன் உங்கள் காலைச் சுற்றுகிறது என்று பார்ப்போம். ஓட்டை உடைத்து வெளியே வந்த குஞ்சு, கண்ணெதிரே அசைகிற முதல் உருவத்தைத் தாய் என்று பிடித்துக்கொள்ளும். 1873-லேயே டக்ளஸ் ஸ்பால்டிங் என்ற ஆங்கிலேயர் கோழிக்குஞ்சுகளிடம் இதைக் கவனித்து எழுதினார். 1930-களில் ஆஸ்திரியாவின் கான்ராட் லோரன்ஸ் பெருவாத்துக் குஞ்சுகளை வைத்து இதை விரிவாக ஆராய்ந்தார்; 1973-ல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். பின்னால் அமெரிக்காவில் எக்கார்ட் ஹெஸ், வாத்துக்குஞ்சுகளுக்கு முன்னால் ஒரு பொம்மை வாத்தை நகரவிட்டுப் பார்த்தார். பொரிந்த 13 முதல் 16 மணி நேரத்துக்குள் பார்த்த குஞ்சுகள்தான் அந்தப் பொம்மையை மிகப் பிடிவாதமாகத் தொடர்ந்தன. உங்கள் வீட்டில் அந்த நேரத்தில் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நீங்கள். உங்கள் அம்மா உட்கார்ந்திருந்தால் அவர் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

மனதில் விழுந்த இந்தப் பதிவை அழிக்க முடியாது, அழிக்கவும் வேண்டாம். ஆனால் அது இன்று கத்துவது தாயைக் காணாத குஞ்சின் கத்தல் இல்லை. அதற்கு ஒரு வயது ஆகிறது, முட்டை இடுகிறது. உங்கள் கடிதத்தில் இன்னொரு வாத்து எங்கேயும் இல்லை என்பதைக் கவனித்தேன். மேய்ச்சல்காரர்களைக் கேளுங்கள்: கூட்டத்திலிருந்து பிரிந்துபோன ஒற்றை வாத்து, கூட்டம் கண்ணில் படும்வரை கத்தும், மேயாது. உங்கள் வாத்துக்குக் கூட்டமே நீங்கள் ஒருவர்தான். நீங்கள் படி இறங்கினால் கூட்டம் முழுக்கப் போய்விடுகிறது. சுவிட்சர்லாந்தில், கூடி வாழும் இனத்து உயிர்களுக்குத் தம் இனத்துத் துணை இருக்கவேண்டும் என்று 2008-ல் விலங்கு நலச் சட்டவிதியிலேயே எழுதிவைத்தார்கள். நமக்குச் சட்டம் வேண்டாம், கொல்லையில் இடம் இருந்தால் போதும். இரண்டு பெட்டை வாத்து வாங்குங்கள்.

அதற்கு முன் மாமாவின் யோசனை. நல்ல மனதோடுதான் சொல்லியிருப்பார், ஆனால் நேர் எதிரான இடம் அது. பெரிய கோழிப்பண்ணைகளும் குஞ்சு பொரிப்பகங்களும் வெளிப்பறவை வாடையே ஆகாது என்று இருப்பவை. வேலைக்கு வருகிறவர் வீட்டில்கூடக் கோழி, வாத்து வளர்க்கக் கூடாது என்று நிபந்தனை போடுவது அங்கே சாதாரணம். காரணம் பறவைக்காய்ச்சல். வாத்து பல நேரம் அந்தக் கிருமியை நோய்க்குறி ஒன்றும் காட்டாமல் சுமந்து திரியும். அதே கிருமி கோழிக்கொட்டகையில் நுழைந்தால் கொட்டகையே காலி. 2014-லும் 2021-லும் கேரளத்தின் குட்டநாட்டில் நோய் வந்தபோது வாத்துகளைக் கூட்டம் கூட்டமாக அழித்தார்கள். ஆகவே கோழிப்பண்ணை வேலை வேண்டுமென்றால் முதலில் வாத்தை விட்டுக்கொடுக்க வேண்டும். உணவு தயாரிக்கும் இடம், ஆஸ்பத்திரி, மருந்துக் கம்பெனி எதிலும் இதே கதைதான்.

சாதாரண ஆபீஸ்? கால் மணிக்கு ஒரு தடவை எச்சமிடும் பறவை அது. நாயைப் போல அதை இடம் பார்த்து இருக்கப் பழக்க முடியாது. வெளிநாட்டில் அதற்கென்று துணிக்கச்சை விற்கிறார்கள், நம் ஊர் வெயிலில் அரை நாள் கட்டினால் தோல் புண்ணாகிவிடும். கத்துவதும் பெட்டைதான், ஆண் வாத்தான கிடாவுக்குக் கரகரத்த தொண்டை, சத்தம் குறைவு. வழவழப்பான தரையில் நாள் முழுக்க நின்றால் பாதத்தில் புண் வரும். தலை முங்கும் அளவு தண்ணீர் இல்லாவிட்டால் கண்ணையும் மூக்குத் துளையையும் சுத்தம் செய்துகொள்ள முடியாது. 2016-ல் டேனியல் என்ற வாத்து, காலில் சிவப்பு ஷூவோடு அமெரிக்க விமானத்தில் பறந்து உலகம் முழுக்கப் பேசப்பட்டது. மன ஆறுதலுக்கான துணை என்று அதை ஏற்றினார்கள். அந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை 2021-ல் அமலுக்கு வந்த விதியில், இப்படிப்பட்ட பிராணிகளை ஏற்றாமலிருக்க விமானக் கம்பெனிகளுக்கு அனுமதி கொடுத்துவிட்டது. நம் நாட்டிலோ வளர்ப்புப் பறவையை வேலையிடத்துக்குக் கொண்டுவர உரிமை தரும் சட்டம் எதுவும் இல்லை. முதலாளி மனசு வைத்தால் உண்டு, அவ்வளவுதான்.

அதிலும் உரக்கடை! மணிமணியாகக் கீழே சிந்தியிருப்பதையெல்லாம் வாத்து தீனி என்று கொத்தும். யூரியாவும் ஆபத்து, குருணைப் பூச்சிமருந்து அதைவிட ஆபத்து. அங்கே ஒரு நாள்கூடக் கூட்டிப்போகாதீர்கள்.

வாத்தோடு சேர்ந்தே செய்கிற வேலைகள் உலகத்தில் இல்லாமல் இல்லை. அமெரிக்காவின் மெம்பிஸ் நகரில் பீபாடி ஹோட்டலில் தினமும் காலை பதினொரு மணிக்கு வாத்துகளை லிஃப்டில் இறக்கி, சிவப்புக் கம்பளத்தில் நடத்தி, நீரூற்றில் விட்டு, மாலை ஐந்துக்குத் திரும்பக் கூட்டிப்போக ஒருவரைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். முன்பு சர்க்கஸில் இருந்த எட்வர்ட் பெம்ப்ரோக் 1940-ல் அந்த வேலையில் சேர்ந்து 1991 வரை பார்த்தார். ஆனால் வாத்துகள் ஏறக்குறைய மூன்று மாதம்தான் அங்கே இருக்கும், பிறகு பண்ணைக்குத் திரும்பிவிடும். உங்களைப் போன்றவர் அந்த வேலையில் மூன்று மாதத்துக்கு ஒரு தடவை அழவேண்டியிருக்கும். தென்னாப்பிரிக்காவில் ஸ்டெல்லன்போஷ் பக்கம் ஒரு திராட்சைத் தோட்டத்தில் நத்தை பொறுக்க நூற்றுக்கணக்கில் வாத்துகளை ஓட்டிப்போகிறார்கள்.

நமக்குப் பொருந்துவது ஜப்பானின் தகாவோ ஃபுருனோ செய்ததுதான். ஃபுகுவோகா பகுதி விவசாயி அவர். நாற்று நட்டு வேர் பிடித்ததும் வயலில் வாத்துக்குஞ்சுகளை விட்டார். அவை களையையும் பூச்சியையும் தின்று, சேற்றைக் கலக்கி, எச்சத்தால் உரமும் போட்டன. கதிர் வந்ததும் வெளியேற்றிவிடவேண்டும், இல்லாவிட்டால் நெல்லையே தின்றுவிடும். உங்களுக்கு வயல் இருக்கிறது. ஒரு சின்னப் பகுதியில் வலை கட்டிச் செய்துபார்க்கலாம். ஆனால் வருமானத்துக்கு இதை மட்டும் நம்பவேண்டாம். நோய், நாய், விலை, மூன்றும் கையில் இல்லாத சங்கதி.

உங்கள் படிப்புக்கு வாத்தோடு ஒத்துப்போகும் வேலை வேறொன்று இருக்கிறது: வீட்டிலிருந்தபடி கடைக்கணக்குப் பார்ப்பது. சின்ன வியாபாரிகள் பலர் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுகிறார்கள். ஜிஎஸ்டி தெரிந்த ஆளுக்குத்தான் பஞ்சம். நாலைந்து கடைக் கணக்கு கிடைத்தால் திண்ணையில் உட்கார்ந்தே சம்பாதிக்கலாம், வாத்து காலடியில் கிடக்கட்டும். ஆனால் புதிதாகப் படித்து வந்தவரை நம்பி யாரும் கணக்கைக் கொடுக்க மாட்டார்கள். அந்த நம்பிக்கையைச் சம்பாதிக்க உர மொத்தக்கடையைப் போல ஒரு இடம் அமையாது. சுற்றுவட்டாரச் சில்லறைக் கடைக்காரர்கள் எல்லாரும் உங்கள் மேஜைக்கு வந்துதான் ஆகவேண்டும். ஒன்றிரண்டு வருடம் அங்கே இருங்கள்.

இனி துணை வாத்து. கிடா வேண்டாம், ஐந்தாறு பெட்டைக்கு ஒரு கிடா என்பதுதான் கணக்கு, ஒன்றிரண்டு பெட்டைக்கு நடுவே விட்டால் முதுகு இறகைப் பிய்த்துப் புண்ணாக்கிவிடும். வாலில் மேல்நோக்கிச் சுருண்ட இறகு இருந்தால் அது கிடா. உங்கள் வாத்தின் வயதை ஒட்டிய இரண்டு பெட்டையை, தெரிந்த வீட்டிலிருந்து வாங்குங்கள். மூன்று வாரம் தனியாக, தண்ணீர்ச் சட்டிகூடத் தனியாக வைத்துப் பாருங்கள். வாத்து பிளேக் தடுப்பூசி பற்றி உங்கள் கால்நடை மருந்தகத்தில் கேளுங்கள். அடுத்த ஒரு வாரம் நடுவில் வலை கட்டி, ஒன்றையொன்று பார்க்கும்படி தீனி வையுங்கள். பிறகு சேர்த்துவிடலாம். முதல் சில நாள் உங்கள் வாத்து அவற்றைக் கண்டுகொள்ளாது, கொத்தவும் செய்யும். உங்களைப் பார்த்துத்தான் ஓடிவரும். மனசு இளகித் தூக்கிக்கொள்ளாதீர்கள்.

காலையில் நீங்கள் கிளம்பும்போது அவை கூண்டுக்குள்ளேயே இருக்கட்டும். வாத்து பெரும்பாலும் விடியலில், ஒன்பது மணிக்குள் முட்டை இட்டுவிடும். அதன் பிறகு அம்மா திறந்துவிட்டால் முட்டையும் கொல்லையில் தொலையாது, பஸ் நிறுத்தம் வரை துரத்திக்கொண்டு வருகிற காட்சியும் இருக்காது. இரவில் கீரியும் மரநாயும் நுழையாத கூண்டு அவசியம். அம்மாவிடம் கட்டாயம் சொல்லவேண்டியது ஒன்று: பூசணம் பிடித்த கடலைப்பிண்ணாக்கோ மக்காச்சோளமோ போடவே கூடாது. அந்தப் பூசண நஞ்சைக் கோழி ஓரளவு தாங்கும், வாத்து தாங்காது. அரிசிக் குருணை, தவிடு, நத்தை, அசோலா போதும்.

கடைக்காரரிடம் வாத்துப் பேச்சை எடுக்காதீர்கள். கேட்கவேண்டியது இரண்டு. குறுவையும் சம்பாவும் தொடங்கும் சமயத்தில் உரக்கடை ஆறு மணிக்கு மூடாது. அந்த நாட்களில் எத்தனை மணிக்கு விடுவார்கள், கடைசி பஸ்ஸைப் பிடிக்க முடியுமா என்று இப்போதே தெளிவாகக் கேளுங்கள். இரண்டாவது, சேரும் தேதி. தனிவைப்பு மூன்று வாரம், வலை ஒரு வாரம், பத்து நிமிடம், அரை மணி, அரை நாள் என்று நீங்கள் வெளியே போய்ப் பழக்க ஒரு வாரம். ஐந்து வாரம் தள்ளிச் சேருகிறேன் என்று சொல்லுங்கள். ஒத்துக்கொள்ளாமல் உடனே வா என்றால், சேர்ந்துவிட்டு அம்மாவுக்கு ஒரு மாதம் கஷ்டம் கொடுங்கள்.