கண்ணாடிக்கு இப்பால் வந்த வெயில்

மருமகனுக்கு,

நீ வளர்க்கும் ஆமைக்குஞ்சு சில நாட்களாக இரையைத் தொடவில்லை என்றும், அதன் கண்கள் வீங்கி மூடிக்கொண்டன என்றும், தொட்டி நீரை வேளைக்கு ஒரு முறை மாற்றியும் பிரயோசனமில்லை என்றும் எழுதியிருந்தாய். கன்னத்தோரம் சிவந்த கீற்று உண்டென்று வர்ணித்திருப்பதால், அது அமெரிக்காவின் மிசிசிப்பி நதிப் பிரதேசத்தைப் பூர்விகமாகக் கொண்ட செங்காது ஆமையே என்பதில் சந்தேகமில்லை. நம் குளத்துப் பாலாமையாக இருந்திருந்தால், 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வீட்டில் வைத்திருப்பதே குற்றம் என்று முதலில் உன்னைக் கடிந்துகொண்டிருப்பேன்.

ஆமை என்றதும் நமக்குத் தண்ணீர்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் தன் சொந்த நதியில் இந்த ஆமை, பொழுது ஏறியதும் கரையோரத்து மரக்கட்டைகளில் தொற்றி ஏறி, இடம் போதாவிட்டால் ஒன்றன் முதுகில் மற்றொன்றாக அடுக்கிக்கொண்டு, பின்கால்களை நீட்டி மணிக்கணக்காக வெயில் காய்கிறது. தன் சரீரத்தைத் தானே சூடாக வைத்துக்கொள்ளும் சக்தியற்ற ஜீவனாகையால், உண்ட இரை ஜீரணமாவதற்கே அதற்கு வெயில் வேண்டும். அவ்வெயிலின் புற ஊதாக் கதிர் தோலில் பட்டு வைட்டமின் டி உண்டானால்தான், உண்ட சுண்ணாம்புச் சத்து எலும்பிலும், முதுகெலும்போடும் விலாவோடும் ஒன்றாய் இணைந்த ஓட்டிலும் சென்று சேரும்.

இதை அறியாத காலத்தில் நானும் ஓர் ஆமையைப் பாடுபடுத்தினேன். ஜன்னலோரம் தொட்டியை வைத்து, கண்ணாடி வழியாக வெயில் தாராளமாக விழுவதைக் கண்டு திருப்தியடைந்திருந்தேன். சில மாதங்களில் ஓட்டை விரலால் அழுத்தினால் நனைந்த அட்டைபோல் உள்வாங்கிற்று. வெளிச்சத்தையும் சூட்டையும் உள்ளே விடுகிற ஜன்னல் கண்ணாடி, தேவையான அந்தக் கதிரை மட்டும் ஏறக்குறைய முழுவதும் தடுத்துவிடுகிறது என்பதைக் கால்நடை வைத்தியர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆகையால் காலை இளவெயிலில் மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், பாதி நிழல் விழும்படி வைத்த அகன்ற தொட்டியில் அதை விடு. நடுப்பகலில் ஆழமற்ற நீர் கொதிநீராகிவிடும். மேலே கம்பிவலை போட மறவாதே. காக்கைக்கு ஆமைக்குஞ்சு ஒரு பலகாரம். மாடி வசதி இல்லாவிடில், அக்கதிரைத் தரும் விளக்கொன்றை, தொட்டியில் நீருக்கு மேல் உயர்ந்த உலர்ந்த மேடைக்கு நேரே, இடையில் கண்ணாடியின்றித் தொங்கவிடலாம்.

உலர்ந்த இறாலை மட்டுமே போட்டு வளர்ப்பதும் பிசகு. வைட்டமின் ஏ குறைந்தால் கண் வீங்கும். அழுக்கு நீரும் அதற்குக் காரணமாகலாம். ஆமைக்கென்று விற்கும் உருண்டைத் தீனி, மண்புழு, துருவிய காரட், பாசி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கொடு. ஒரு துண்டு கணவாய் ஓட்டை நீரில் மிதக்கவிடு, கொறித்துக்கொள்ளும். பெண்ணாயிருந்தால் ஓடு ஓரடி நீளம்வரை வளரக்கூடும், இருபது முப்பது ஆண்டு உயிரோடிருக்கும். ஓட்டின் அங்குலம் ஒன்றுக்கு நாற்பது லிட்டர் நீர் என்று வளர்ப்போர் கணக்கிடுவதைப் பார்த்தால், உன் கண்ணாடிக் கிண்ணம் எம்மட்டு! அலுத்துப்போய்க் குளத்தில் விட்டுவிடவும் கூடாது. அங்குள்ள நம் ஆமைகளின் இரையையும் இடத்தையும் அது பறித்துக்கொள்ளும்.

தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவு. சால்மொனெல்லா கிருமி குழந்தைகளுக்குத் தொற்றியதால், நான்கு அங்குலத்துக்குக் குறைந்த ஆமைகளை விற்பதை அமெரிக்க அரசு 1975-இலேயே தடை செய்தது. தொட்டியைச் சமையலறையில் கழுவினால் உன் அம்மா உன்னைச் சும்மா விடமாட்டாள். அவள் கட்சிதான் நியாயம்.

மனிதருக்கான கண் மருந்தை ஊற்றாதே. ஓட்டில் எண்ணெய் தடவாதே. நாளையே கால்நடை வைத்தியரிடம் காட்டு. கொண்டுபோகும்போது நீரில் வேண்டாம், சோர்ந்த ஆமை மூழ்கிவிடும். துளையிட்ட பெட்டியில் ஈரத்துணி விரித்து அதன்மேல் வை.

இப்படிக்கு,
உன் மாமா